விடுவதற்கும் தெம்பு வேண்டும்

நானும் என் தம்பியும் சலவைக்கடை வைத்திருக்கிறோம். துவைப்பது மெஷின், தேய்ப்பது நாங்கள். பதினெட்டு வருஷம் நின்றே வேலை செய்து என் கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. தம்பியோ பாதிச் சட்டையைத் தேய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிப்போவான். தின்பதும் தூங்குவதும்தான் உன் பிழைப்பு என்று நான் ஆரம்பித்தால், வந்த வாடிக்கையாளர்கள் துணியை வாங்கிக்கொண்டு சீக்கிரம் நகர்ந்துவிடுவார்கள். என் வாய் அப்படி.

எங்கள் வீட்டுக்கு உடும்புப் பிடி என்று பெயர். அப்பா யாருக்காவது கை கொடுத்தால் லேசில் விடமாட்டார். தம்பிக்குப் பட்டப்பெயரே உடும்பு. காலையில் தேய்ப்புப்பெட்டியைப் பிடித்தால் விரல்கள் உடனே பிரியாது, மறுகையால் ஒவ்வொன்றாகப் பிரிப்பான். இதை ஏதோ பட்டம் வாங்கினது போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தோம். குளிர் நாளில் எனக்கும் கை மடங்கியே நிற்கும். உழைத்த கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் அவன் கை பெட்டியை விடாமல் ஒரு கோட்டின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. கோட்டு கருகியது. கடையில் நாலு பேர் இருக்கும்போதே அவனைத் திட்டிக் கிழித்துத் தொங்கவிட்டேன். அவன், "கை விட மாட்டேங்குதுக்கா" என்று மட்டும் சொன்னான். மறுநாளே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பாசத்தால் இல்லை. சோம்பேறித்தனத்துக்கு ஊசி இருக்கிறதா என்று கேட்கத்தான்.

நரம்பு டாக்டரம்மா ரப்பர் சுத்தியலால் அவன் கட்டைவிரல் மேட்டில் லேசாகத் தட்டினார். விரல் உள்ளே மடங்கியது, மெதுவாக, வேண்டாவெறுப்பாக நிமிர்ந்தது. பிறகு புஜத்தில் மெல்லிய ஊசியைச் செருகினார். பக்கத்து மெஷின், யாரோ பைக்கை முறுக்கி முறுக்கி விடுவது போலச் சத்தம் போட்டது. அது அவன் தசையின் சத்தமாம்.

தசைக்குள் இழை இழையாக இருக்கும், நரம்பிலிருந்து சேதி வந்தால் ஒன்றுக்குள் ஒன்று சரிந்து இறுகும், சேதி நின்றால் பிரியும் என்றார். இவனுக்கு நரம்பு நிறுத்திய பிறகும் தசை தானாகவே சேதி அடித்துக்கொண்டிருக்கிறதாம். பகல் தூக்கமும் இந்த நோயின் வேலைதானாம். "இறுக்குறதுக்கு மட்டுமில்ல, விடுறதுக்கும் தெம்பு செலவாகும்மா" என்றார். இத்தனை வருஷம் நான் பேசிய பேச்சுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அடுத்து என் கையைக் கேட்டார். இறுக்கி மூடி, சட்டென்று விரிக்கச் சொன்னார். அவசர அவசரமாகத்தான் விரித்தேன். விரல்களுக்கு அவசரமில்லை. பிள்ளைகள் உண்டா என்றார். ஒரே மகள், ஏழு மாதக் கர்ப்பம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போகலாம், தாய்க்கு இருந்தால் பிள்ளை பால் குடிக்க, மூச்சுவிடக்கூடத் தெம்பில்லாமல் பிறக்கலாம், உடனே மகளைக் கூட்டி வாருங்கள் என்றார்.

ஒன்பது நாள் ஓட்டினேன். ஊரையே ஏசுகிற வாய்க்கு மகளிடம் ஒரு வார்த்தை வரவில்லை. பத்தாம் நாள் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அவள் எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதே எனக்கு உறுத்தியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னபடி மகள் கையை இறுக்கினாள். விரித்தபோது விரல்கள் பாதியில் நின்றன. மாசமாக இருந்தால் கை வீங்கும், அதனால்தான் என்று நான் முந்திக்கொண்டேன். டாக்டரம்மா என்னைக் கவனிக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று அவளைக் கேட்டார்.

"ரெண்டு வருஷமா" என்றாள், என் பக்கம் திரும்பி. "மாமாவுக்கு வர்ற மாதிரியேதான் எனக்கும் வருது. சொன்னா அவரைத் திட்டுற மாதிரி என்னையும் திட்டுவியேன்னுதான்மா சொல்லல."

டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், பிரசவத்தின்போது குழந்தை டாக்டர் கூடவே நிற்க வேண்டும் என்றார். எழுதியபடியே, "கரு உண்டாகுறதுக்கு முன்னாடியே வந்திருந்தா எவ்வளவோ பாத்திருக்கலாம்" என்றார்.

மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள், இப்போதும் நான் திட்டுவேனோ என்று.