முப்பத்தொன்றாம் தேதி ஆறு

கோக்சாய் ஆற்றின் ஒரு கோடைக்கால விலை நானூறு டன் நிலக்கரி. பேரம் பேசி முந்நூற்று எண்பதுக்கு முடிந்தது. மலைமேல் இருக்கும் கிர்கிஸ்காரர்கள் தண்ணீர் விடுவார்கள், கீழே வயலில் கிடக்கும் உஸ்பெக்காரர்களான நாங்கள் அவர்கள் குளிருக்குக் கரி அனுப்புவோம். 1998 வசந்தத்தில் கையெழுத்தானது. அந்த வருடம் மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி காலை, எல்லை மதகருகே ஆறு படுகையை விட்டு ஓர் ஆள் உயரம் எழும்பி, அப்படியே நின்றுவிட்டது.

காரணம் சாதாரணமானது. எங்கள் பக்கம் தண்ணீரைப் பத்துப் பத்து நாளாகத்தான் எழுதுவார்கள், மாதத்துக்கு மூன்று பத்து. மாஸ்கோ ஒன்றே எஜமான் என்றிருந்தவரை உபரி நாள் மூன்றாவது பத்தோடு சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டது. இப்போது இரண்டு நாடு, இரண்டு வக்கீல். முப்பது நாளுக்குப் பங்கு எழுதி முத்திரை குத்திவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். முப்பத்தொன்று யாருக்கும் எழுதப்படவில்லை. ஆறும் அதன்படி நடந்துகொண்டது. மீன்கள் அதனுள், கவுன்ட்டர் திறக்கக் காத்திருப்பவர்களின் முகத்தோடு நின்றன. ஒன்றாம் தேதி விடிந்ததும் தண்ணீர் இறங்கி ஓடியது.

அடி விழுந்தது ஒய்னிசாவுக்கு. ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன கணவன் பணம் அனுப்புவதையும் கடிதம் எழுதுவதையும் ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டான். அவளுக்கு மிஞ்சியது கடைமடையில் நாற்பது ஆப்ரிகாட் மரம். கடைமடைக்கு மாதத்தின் கடைசி நாள்தான் முறை, ரயில் வருவதற்கு முன்பிருந்த ஏற்பாடு. ஜூன் முப்பதில் தண்ணீர் வந்து சேர்ந்தபோது ஒன்பது மரம் காய்ந்திருந்தது. எங்கள் ஊருக்குத் தண்ணீர் பங்கிடும் மிராப் ஹமிதுல்லோ அவளுக்காக வீடு வீடாகப் போய், அவரவர் முறையில் ஒரு நாளை விட்டுக்கொடுக்கக் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் டீ கொடுத்தார்கள், நாளைக் கொடுக்கவில்லை.

ஜூலை முப்பத்தொன்றில் அவள் எல்லைக்கே நடந்து போனாள். அந்தப் பக்கத்து மிராப் தொக்தோசுன், அந்தரத்தில் நின்ற ஆற்றின் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, ஆத்தைத் துணி மாதிரி காயப்போட்டிருக்கீங்க?"

"நான் எங்கம்மா போட்டேன்? மதகு தொறந்துதான் கெடக்கு. பேப்பர்ல இன்னிக்குத் தேதியே இல்ல. நான் யாரைப் போய்க் கேக்க?"

"அப்ப இது யாரு தண்ணி?"

"யாரோடதும் இல்ல."

"சந்தையில கேப்பாரில்லாம கெடக்குற சரக்கு, மொதல்ல கை வச்சவளுக்குத்தான்" என்று எட்டித் தொட்டாள். "வச்சாச்சு. வா, போலாம்."

ஆறு அவள் பின்னால் கிளம்பியது, பழகிய பசுவைப் போல, தலை உயரத்தில். சோதனைச் சாவடியில் சுங்கக்காரர் பட்டியலை இரண்டு முறை புரட்டினார். தரையைத் தொடாமல் போகும் சரக்குக்கு வரி எழுதியிருக்கவில்லை, கட்டையைத் தூக்கிவிட்டார். தோட்டத்தில் மரங்களுக்கு வேண்டிய அளவு இறங்கியது. மீதி வேலிக்கு மேலே காத்திருந்து, ஒன்றாம் தேதி காலை படுகைக்குத் திரும்பியது. பிறகு வருடாவருடம் மே, ஜூலை, ஆகஸ்ட் கடைசியில் இதேதான். எல்லைக்காரர்கள் மாறினார்கள், புதியவர்களுக்குப் பழையவர்கள் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

தண்ணீர்ப் பங்கைப் பேச இரண்டு நாட்டுக் குழு வருடம் ஒருமுறை கூடியது. முப்பத்தொன்று எப்போதும் கடைசி விஷயம், விருந்துக்குப் பிறகு, பாதிப் பேர் தூக்கத்தில். இருபத்தோராவது கூட்டத்தில் தூங்காத ஒரு எஞ்சினியர் வந்து சேர்ந்தார். அந்த நாளையும் ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் பாதி முழுக்கப் பருத்திப் பண்ணைக்கு. கையெழுத்தானால் ஒய்னிசாவின் தோட்டம் விறகு. இரண்டு மிராப்களும் ஒப்பமிட்டால் போதும், அவர்களுக்கும் வயதாகி, மறுத்துப் பேசத் தெம்பில்லை. கூட்டம் அந்த முறை மலைப்பக்கம். தொக்தோசுன் பேனாவை நீட்டினார்.

"நீங்க விருந்தாளி. மொதல்ல நீங்க போடுங்க."

"பெரியவர் இருக்கையில நான் போடுறதா? நல்லாருக்கே!" என்றார் ஹமிதுல்லோ.

"எங்க வீட்டுல விருந்தாளிக்கு முன்னாடி நாங்க கை நீட்டினதில்ல."

"எங்க வீட்டுல மூத்தவருக்கு முன்னாடி உக்காந்ததே இல்ல."

எஞ்சினியர் மணி பார்த்தார். இரண்டு நாட்டிலும் இந்த மரியாதையைக் குறுக்கே வெட்டத் துணிந்தவர் கிடையாது. பேனா டீக்கிண்ணம் போல மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது, இருட்டுமுன் மலைப்பாதை இறங்க வேண்டுமென்று கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். மறுவருடம் கூட்டம் எங்கள் பக்கம். இப்போது விருந்தாளியும் தொக்தோசுன், மூத்தவரும் தொக்தோசுன், தப்ப வழியில்லை. அவர் வரவில்லை. முட்டி வலி என்று ஆள் சொல்லி அனுப்பினார், அது பொய்யும் இல்லை.

எங்கள் ஊர்க் கணக்கு அந்தக் கூட்டம் வரைக்கும் இப்படி நிற்கிறது. இருபத்தொரு வருடம், வருடத்துக்கு மூன்று நாள், தவறிப்போன முதல் மே கழித்து அறுபத்திரண்டு நாள் தண்ணீர். கொடுத்த நாடு இல்லை, வாங்கிய நாடு இல்லை. மிராப்களுக்கு வருடம் ஆளுக்கொரு மூட்டை உலர்ந்த ஆப்ரிகாட், செலுத்தியாயிற்று. உயிரோடு முப்பத்தொரு மரம். காய்ந்த ஒன்பது மட்டும் பாக்கி. யார் பேரில் எழுதுவதென்று தெரியாமல் பக்கத்தைத் திருப்பிவிட்டோம்.