நடுவில் கிளிப்பச்சை

"கத்திரியைப் போட்டு வெட்டியிருக்கறயே, உன்ற கை வெளங்குமாடி?"

வீரம்மா மெரூன் கம்பளிச் சால்வையை விரித்துப் பிடித்தாள். ஒன்பது ஓட்டை. வெள்ளிக்கிழமை மகள் வாசுகிக்கு நிச்சயம். கோயமுத்தூர்ச் சம்பந்தியம்மாவுக்குப் போர்த்தவென்று இரண்டு மாதம் முன்பு ஊட்டியில் வாங்கிய சால்வை.

"உன்ற ஊட்டுக்குள்ள நான் கால் வெச்சே மூணு வருசமாச்சு!" என்றாள் அடுத்த வீட்டுச் சுப்பம்மா. ஞாயிற்றுக்கிழமை, கட்டபெட்டு எஸ்டேட் லைன் வீடுகளில் வேடிக்கை பார்க்க யாரும் லீவு போட வேண்டியிருக்கவில்லை.

லைன் கடைசி வீட்டுக் கெஸியா டீச்சர் சால்வையை வாங்கி உதறினார். உள்ளங்கையில் அரிசி போல ஒன்று விழுந்து, நகர்ந்தது.

"கத்திரி இதுதானுங்க. அந்துப்பூச்சியோட புழு. பறக்கற பூச்சி எதையும் தின்னாது. தின்னறது பூராம் இதுதான். தின்ன கம்பளியிலயே சட்டை தெச்சுப் போட்டுக்கும், வளர வளர ரெண்டு ஓரத்துலயும் ஒட்டுப் போட்டுக்கும்."

வீரம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. டீச்சர் அத்தோடு விட்டிருக்கலாம். புழுவை வெயிலில் பிடித்தார்.

"சட்டையோட ஓரமெல்லாம் மெரூன், சரி. நடுவுல கிளிப்பச்சையா இருக்குதே? அப்படீன்னா மொதல்ல தின்னது பச்சைக் கம்பளிங்க. ஒரே பெட்டியில இருந்திருக்கோணும்."

வீரம்மா வீட்டில் பச்சைக் கம்பளியே கிடையாது. லைன் மொத்தத்துக்கும் இருந்தது ஒன்றுதான்: சுப்பம்மா மகன் பாலுவின் ஸ்வெட்டர். மசினகுடிக்கு ஜீப் ஓட்டப் போன இடத்தில் தொலைந்துவிட்டதாக அவன் சொல்ல, சுப்பம்மா ஒரு வாரம் புலம்பியிருந்தாள்.

வாசுகி உள்ளே ஓடிப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் வீரம்மா அவளை இழுத்துவிட்டுத் திறந்தாள். அடியில், செய்தித்தாளுக்குள், சல்லடையாகிப் போன கிளிப்பச்சை.

வீரம்மாவுக்கு, அந்துருண்டை போடப்போன தன்னை, "அந்த வாசம் எனக்கு ஆகாதும்மா" என்று மகள் தடுத்தது நினைவுக்கு வந்தது. எந்த வாசம் போகக் கூடாதென்று தடுத்தாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

"சால்வைக்கு முந்தியேவாடி?"

"போன வருசத்துலிருந்தேம்மா."

வாசலிலிருந்து சுப்பம்மா, "என்ற பையன் ஸ்வெட்டர உன்ற ஊட்டுப் பூச்சி தின்னிருக்குது. அதுக்கு என்ன சொல்றே?" என்றாள். குரலில்தான் பழைய வேகம் இல்லை.

கோயமுத்தூர்க்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். தை மாதம் வாசுகியும் பாலுவும் கல்யாணம் செய்துகொண்டு, ஸ்வெட்டருக்கே வேலையில்லாத திருப்பூருக்குக் குடிபோனார்கள். டீச்சர் ஓவேலிக்கு மாற்றலானார். ஒன்பது ஓட்டையையும் தைத்து, அதே சால்வையைத்தான் வீரம்மா சம்பந்தியம்மா சுப்பம்மாவுக்குப் போர்த்தினாள்.