பீப்பாய்க்குள் கிடந்த எழுத்து

எங்கள் எசமான் ஸ்தெபான் லுகிச் தெர்யாயெவ், தன் குலத்தின் மூலபுருஷர் ஒரு டாடார் இளவரசர் என்பார். மாஸ்கோவுக்கு வந்து ஜாருக்குக் கொன்யூஷியாக, அதாவது அரண்மனைக் குதிரைகளுக்கெல்லாம் அதிபதியாக இருந்தாராம். நான் நம்பியதில்லை. அப்பேர்ப்பட்டவர் வம்சத்துக்குக் குதிரையைக் கண்டால் ஏன் கால் நடுங்குகிறது?

அந்த இலையுதிர்காலத்தில் வம்சத்தைச் சரிபார்க்கப் பட்டணத்திலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். மூன்று நாள் வாத்துக்கறி தின்றார். மூதாதைக்குத் தேவாலயச் சுவரோரம் நட்டிருந்த கல்லறைக் கல்லைத் தடவிப் பார்த்தார். பாதி உடைந்த கல்.

"கொன்யூன்னு வரைக்கும்தான் இருக்கு. மிச்சம் எங்கே?"

அடுத்த எழுத்து மூன்று பல் சீப்பு மாதிரி இருந்தால் கொன்யூஷியாம். சாய்ந்த சிலுவையாக இருந்தால் கொன்யூக். என்னைப் போல லாயத்தில் சாணி அள்ளுகிறவன். அப்படியானால் இவர்கள் பிரபுக்களே இல்லை, பண்ணையடிமைகளான எங்கள் நூற்றிருபது பேரையும் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னார். அவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

மிச்சக் கல் முட்டைக்கோஸ் புளிக்கப் போடும் பீப்பாயில் பாரமாகக் கிடந்தது. வருஷா வருஷம் தூக்கி வைப்பவன் நான். எனக்குத் தெரிந்த குறி ஒன்றுதான், கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் சாய்ந்த சிலுவை. உடைந்த ஓரத்திலேயே அது இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சமையல்காரி ஃபெக்லா நல்லவள்தான், ஓட்டை வாய். அன்று ஒரே குதிரைக்கு இரண்டு தடவை ஓட்ஸ் வைத்தேன், இன்னொன்று பட்டினி.

குமாஸ்தா கிளம்பிப் போன மறுநாள் எசமான் கூப்பிட்டார். கல் தரையில் உப்புநீர் சொட்டக் கிடந்தது.

"டேய் யெரெமெய், இது நாறுது. ஆத்துல போட்டுட்டு வா."

"கோசுக்குப் பாரம் வேணுமே எசமான்?"

"வேற கல்லா இல்ல? யாருகிட்டயும் பேசாதே."

"நான் யாருகிட்ட பேசப்போறேன், குதிரைகிட்டதான்."

பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். எசமான்மேல் புகார் சொன்னால் சாட்டையடி, அப்புறம் சைபீரியா. கல்லைத் தூக்கிக் கைப்பிடிமேல் வைத்தேன். திரும்ப வண்டியில் வைத்தேன். மறுபடி தூக்கினேன். கடைசியில் வண்டியில் போட்டுப் பட்டணத்துக்கே ஓட்டினேன்.

யார் கொடுத்தனுப்பியது என்று குமாஸ்தா கேட்டார். எசமான்தான் கையில் கொடுத்தார் என்றேன். பொய் இல்லையே. ஒப்படைத்ததற்குக் கையெழுத்துக் கேட்டார். சிலுவை போட்டேன். காகிதத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. வம்ச விவகாரக் காகிதம் தலைநகரில் இருக்கிறதாம். நான் சாட்சியாம், முடிவு வரும்வரை எசமான் என்னைத் தொடக்கூடாதாம். முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் சாலையில் தபால் வண்டி மணி கேட்டால் வாசலுக்கு முதலில் ஓடுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான்.