கீராவின் கணக்கில் யாரும் விலகுவதில்லை

1

இந்தக் கதை என் வேலையிலிருந்து திருடியது. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், ஆராய்ச்சியாளர்களுக்குச் சம்பளம் தரும் ஃபெல்லோஷிப்புக்கான விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்புகிறவள் நான். யார் எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது. திறந்தாலும் கேட்க ஆளில்லை, அதனால் எழுதிப் பார்க்கிறேன். (பெயர்களை மாற்றிவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: மலையுச்சியில் பனி விழுந்த அந்தக் காலையில் ரொவீனா—

வேண்டாம். ரொவீனா மலையைப் பார்ப்பதே இல்லை. பெர்த்திலிருந்து வந்து சிறுநீரக நோய்களை ஆராய்கிறாள். ஒப்பந்தம் நீளுமா நீளாதா என்று வருடா வருடம் பயந்தே ஒரு சோபாகூட வாங்காமல் இருப்பவள். இந்த ஊரில் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஆள் கீரா, பக்கத்து மேசைக்காரி. இருவருக்கும் டிசம்பரோடு வேலை முடிகிறது. அவர்கள் பிரிவுக்கு இந்த முறை ஐந்தாண்டு ஃபெல்லோஷிப் ஒன்றே ஒன்றுதான். கீரா அதற்கு விண்ணப்பம் போடுவது ஊருக்கே தெரியும். ரொவீனா தானும் போட்டதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

3

விண்ணப்பத்தை அனுப்புமுன் சிநேகிதர் ஒருவரிடம் படிக்கக் கொடுப்பது எங்கள் நிலையத்து வழக்கம். பூசணி சூப்பைக் கலக்கிக்கொண்டே கீரா தன்னுடையதை ரொவீனாவிடம் கொடுத்தாள்.

"கிழி கிழின்னு கிழிச்சிடு. பாவம் பார்க்காதே."

"நான் எதுக்குடி? வேற யாரையாவது கேளேன்."

"வேற யாரு இருக்கா எனக்கு? எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நீ ஒருத்திதான் மூஞ்சிக்கு நேரா சொல்லுவே."

4

வீட்டில் படிக்கும்போது ரொவீனா அந்தத் தவறைக் கண்டாள். வயதான சிறுநீரக நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு அது. சேருகிறவர்கள் அத்தனை பேரும் கடைசிவரை இருப்பார்கள் என்று கீரா கணக்குப் போட்டிருந்தாள். சிலர் சலித்து விலகுவார்கள், சிலர் ஊர் மாறுவார்கள், சிலர் இறந்தும் போவார்கள். அவர்களுக்கு ஈடாகக் கூடுதல் ஆட்களைச் சேர்க்காவிட்டால் தேர்வுக் குழு விண்ணப்பத்தைத் தூக்கி எறிந்துவிடும்.

(இந்த இடத்தில் ரொவீனாவைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவள் அழுதாள். மிகையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, ஆனாலும் அழுதாள்.)

5

முடிவு ஒன்று: ரொவீனா சொல்கிறாள். கீரா திருத்துகிறாள், கீராவுக்குக் கிடைக்கிறது. ரொவீனா பெட்டி கட்டுகிறாள்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. ரொவீனாவுக்குக் கிடைக்கிறது. ஊரைவிட்டுப் போகுமுன் கீரா அவளைக் கட்டிப்பிடித்து, மனசார வாழ்த்துகிறாள். இதை எழுதியபிறகு நான் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

முடிவு மூன்று: கீரா சிரிக்கிறாள். "நீயும் போட்டிருக்கேன்னு தெரியும்டி, லூசு. தெரிஞ்சுதான் உன்கிட்ட கொடுத்தேன்." இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிடித்ததாலேயே நம்ப முடியவில்லை, அடித்துவிட்டேன்.

எப்படித் திருப்பி எழுதினாலும் ஜனவரியில் ஒருத்தி தனியாகத்தான் சாப்பிடப் போகிறாள். இன்னொருத்தியும் அப்படித்தான், வேறு ஊரில்.

6

ரொவீனாவின் கைபேசியில் கீரா கேட்டிருக்கிறாள்: "படிச்சியா? எவ்வளவு மோசம்?"

ரொவீனா பதில் தட்டத் தொடங்கிவிட்டாள். நான் கையை எடுத்துவிடுகிறேன். உங்களுக்கும் இந்த ஊரில் ஒரே ஒரு சிநேகிதிதான் என்று வைத்துக்கொண்டு நீங்கள் முடியுங்கள்.

"படிச்சேன்டி. நல்லாத்தான் இருக்கு,