அன்னைக்கு நாங்க ஆப்சென்ட்

கூரைத் தகரம் மாத்தித் தர்றோம்னு மூணு மழையா சொல்லிக்கிட்டிருந்தாங்க. கல்லுமேடு தேயிலை எஸ்டேட்டு லயத்து வீட்டுல என் கட்டிலுக்கு நேர் மேல ஓட்டை. பக்கத்துல குண்டான வச்சுக்கிட்டுத்தான் படுப்பேன். கேட்டா, "கம்பெனி நஷ்டத்துல ஓடுது பூமாரி, கொஞ்சம் பொறு"ம்பாரு பீல்டு ஆபீசர் பாண்டீஸ்வரன். அதே நஷ்டத்தச் சொல்லித்தான் போனசையும் பாதியாக்குனாங்க.

இதுல கூத்து என்னன்னா, இந்தக் கம்பெனிக்கு நாங்களும் முதலாளிங்க! பழைய முதலாளிங்க எஸ்டேட்ட விட்டுட்டுப் போனப்ப தொழிலாளிங்க பேருல பங்கு எழுதிக் குடுத்தாங்க. பாதிக்கு மேல பங்கு, கொழுந்து எடுக்குற எங்க கையிலதான் இருக்கு.

போன மாசம் கொழுந்து நிறுக்குற எடத்துல பாண்டீஸ்வரன் ஆளுக்கொரு தாள நீட்டுனாரு. "வருஷ மீட்டிங்குக்கு நீங்க அலைய வேணாம். உங்களுக்குப் பதிலா நான் ஓட்டுப் போட்டுக்கிறேன்." வீட்டுக்குப் போற அவசரம் எங்களுக்கு. வரிசையா நின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தோம். எங்க புத்தியச் செருப்பால அடிக்கணும்.

என் மக இந்து மீட்டிங் நோட்டீஸப் படிச்சப்பத்தான் சங்கதி தெரிஞ்சது. எம்.டி. ஜோமோன் சாருக்கு மாசச் சம்பளம் அஞ்சு லட்சம். அத எட்டு லட்சமாக்கணுமாம். அதுக்குத்தான் எங்க ஓட்டு! ஒரு கிலோ கொழுந்து குறைஞ்சா எங்க கூலிய வெட்டுறாங்க. மூணு வருஷமா நஷ்டம் காட்டுன மனுசனுக்குச் சம்பள உயர்வா?

"நீங்களே நேர்ல போய் ஓட்டுப் போட்டா அந்தத் தாள் செல்லாதும்மா. இதுலயே போட்டிருக்கு"ன்னா இந்து.

மீட்டிங்க வேணும்னே வேலை நாளாப் பாத்து வச்சிருந்தாங்க. அன்னைக்குக் காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக் களத்துல ஒருத்தியும் போய் நிக்கல. கூடையும் இடுப்புல கட்டுன படுதாவுமா நேரா பேக்டரி மாடிக்கு ஏறிட்டோம், இருநூத்திப் பதினாறு பேரு.

ஜோமோன் சார் முகத்துல ஈயாடல. "வேலை நேரத்துல இங்க என்ன?"

"முதலாளிங்க வந்திருக்கோம் சார். எங்க ஓட்ட நாங்களே போட்டுக்கிறோம்"னேன்.

பாண்டீஸ்வரன் தாள் கத்தையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "இத்தன பேரு தாள நான் எங்கன்னு தேடுறது?"ன்னாரு.

"தினமும் பேரு கூப்பிடுறீங்கல்ல, அதே மாதிரி கூப்பிடுங்க."

கூப்பிட்டாரு. சின்னத்தாயி? இருக்கேன். வனிதா? இருக்கேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு தாள் கத்தையில இருந்து வெளிய வந்துச்சு. சித்ராவுக்கு நல்ல காய்ச்சல். போர்வையச் சுத்திக்கிட்டு வந்து, எல்லாரையும் விடச் சத்தமாச் சொன்னா. கடைசியில அவரு கையில ஏழெட்டுத் தாள்தான் மிச்சம்.

சம்பள உயர்வு வேணாங்கிறவங்க கை தூக்கணும்னாங்க. கொழுந்துக் கறை ஏறுன கை அத்தனையும் மேல போச்சு. தீர்மானம் தோத்துச்சு. நான் உக்காரல.

"கூரைத் தகரம் எப்ப சார்?"

"பாக்கலாம்."

"தேதி சொல்லுங்க."

பின்னாடி ஒருத்தியும் உக்காரலங்கிறத ஜோமோன் சார் பாத்தாரு. "பதினஞ்சாந்தேதிக்குள்ள"ன்னாரு.

படி எறங்குறப்ப பாண்டீஸ்வரன், "இன்னைக்குக் கூலி போச்சு, தெரியும்ல?"ன்னாரு. செக்ரோல் புத்தகத்துல எங்க இருநூத்திப் பதினாறு பேருக்கும் ஆப்சென்ட் போட்டாங்க. போடட்டும். நாங்க எங்க இருந்தோம்னு ஜோமோன் சாருக்குத் தெரியும்.