புளிக்காத மாவு

மக்களே, நெருங்கி உட்காருங்கள். ஒரு மடையனின் கதை சொல்கிறேன். முடிவில் ஒரு பிள்ளை உண்டு, பயப்பட வேண்டாம்.

குழித்துறையில் ரசலையனின் மனைவி பிளஸ்ஸி இருபத்தேழு மாதம் பிள்ளையை வயிற்றில் சுமந்தாள். ரசலையன் குவைத்தில் பத்தொன்பது வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்து, வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் படிக்காமல் திரும்பியவன். புது வீட்டில் சோபாவின் பிளாஸ்டிக் உறையை அவன் பிரிக்கவில்லை. பிளஸ்ஸி எழுந்த சூடு ஆறுமுன் நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளினான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பச் சொன்னால், வீட்டில் அவள் இடம் காலியாகிவிடும் என்று மறுத்தான். ஒன்பது மாதம் நிறைந்த வாரத்தில், இடம் மாறிக் கலைவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லாததால், காலம் வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் ஆப்பமாவு புளிக்கவில்லை. கீரை வாடவில்லை. ரசலையனுக்குத் தாடி வளரவில்லை; பிளேடு செலவு மிச்சம் என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னான். அவன் அறிவு அந்த அளவு. வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ், இன்றைக்கோ நாளைக்கோ என்றாள். ஒன்றரை வருடம் அதையே சொன்னாள். பிளஸ்ஸி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் செசிலி, போன மாதம் தான் விற்ற சாளை அடுக்களையில் கண் தெளிந்து கிடப்பதைக் கண்டு கூடையை இறக்கினாள்.

“ஏட்டி, மீன் நாறாத வீட்டுல பிள்ளை எப்பிடிட்டி பெறக்கும்?”

“நான் என்ன செய்ய அக்கா? ஒரு தம்ளரை மாத்தி வைக்க விடமாட்டாரு.”

“மாத்தியெல்லாம் வைக்காண்டாம். கிழிச்சிப் போடு.”

பிளஸ்ஸி மீன்கத்தியை எடுத்துக்கொண்டு சோபாவிடம் போனாள்.

“கவரு! கவரு!” என்று ரசலையன் ஓடிவந்தான்.

“உம்ம கவருக்கா நான் இந்த வயித்தோட முண்டுகேன்?” என்று அவள் உறையை நீளமாகக் கிழித்தாள்.

அந்தச் சத்தத்துக்குக் காலம் திரும்பி வந்தது, பதினெட்டு மாதத்தையும் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு. மாவு பொங்கி வாசற்படிவரை வழிந்தது. சாளை நாறியது. சுவரில் பூஞ்சை ஏறியது. ரசலையனின் தாடி நெஞ்சில் இறங்கியது. பிளஸ்ஸி அந்தச் சோபாவிலேயே பெற்றாள். செசிலி கைநீட்டி வாங்கினாள். பெண்பிள்ளை, வாய் நிறையப் பல். அபினா என்று பெயர் வைத்தார்கள். பல்லைப் பற்றி ஊரில் யாரும் அதிசயப்படவில்லை. ஆப்பம் தின்னச் சவுகரியம் என்றார்கள்.

ரசலையன் இன்றும் மகள் பின்னால் குனிந்து குனிந்து அடுக்குகிறான். அவன் ஒன்றை எடுத்து வைப்பதற்குள் அவள் மூன்றைக் கலைக்கிறாள். காலம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவனுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை.

உங்கள் வீட்டு மாவு நன்றாகப் புளிக்கட்டும், மக்களே. கலைத்துப் போட ஒரு கை அங்கே எப்போதும் இருக்கட்டும்.