இரவல் படை

என் தம்பி உலகத்தை ஜெயித்த அன்று நான் ஒரு வக்கீலின் கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பேனா மைக்கறை, அதுவும் உள்பாக்கெட்டில். போவேனா என்று அடம் பிடித்தது. துணி வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிற கடை என்னுடையது. கடைக்கு மேலே ஓர் அறை, அதில் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். மத்தியானம் சாப்பிட வந்தால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்துவிடுவான். மேலே அவன் அறைக்கு இன்டர்நெட் எட்டாது.

"பிடிச்சுட்டேன்க்கா" என்றான்.

"எதைடா, சளியா?"

"அவ தலைநகரத்தை."

கோட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். நானும் விளையாட்டில் அந்தக் கோட்டைச் சுவர் விழுவதற்காகத்தான் சோறு இறங்காமல் காத்திருந்தேன் என்று சொன்னால் இந்த வயதில் வெட்கம்தான். ஆனால் உண்மை.

'அவ' என்றது அவன் மகளை. பதினைந்து வயது. அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள், பஸ்ஸில் அரை நாள் பயணம். கல்யாணம் முறிந்துபோனதில் நான் தம்பி பக்கம் பேசமாட்டேன். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. ஓர் ஊமைக்கோட்டானைக் கட்டிக்கொண்டு எத்தனை வருஷம்தான் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள், பாவம்?

என் தம்பி குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவான், பயம் கிடையாது. ஆனால் ஒரு மனிதர் எதிரே நின்று மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்றால் போதும், ஊரில் எங்கேயாவது ஒரு லிஃப்ட் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்களா, நான் போனேன். குழந்தை சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாளா, ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்தது நான். பொண்டாட்டி வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கிளம்பிய அன்று சாவியை வாங்கப் போனது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான். "நீ போக்கா, நீ போனா நல்லாப் பேசுவே" என்பான். அதென்னவோ நிஜம். எனக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் கவ்விக்கொண்டு போய்விடும்.

பிரிந்த பிறகு மகள் அவன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். என் போனை எடுப்பாள். "எப்ப வர்றேன்னு கேளுக்கா" என்று பக்கத்தில் நின்று சைகை காட்டுவான். நான் கேட்பேன். "அவரே கேக்கட்டும் அத்தை" என்பாள். அவன் கேட்டு மெசேஜ் அனுப்புவான். பதில் வராது. இப்படியே கல்லில் நார் உரித்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒருநாள் அவளே அழைப்பு அனுப்பினாள், இந்த விளையாட்டுக்கு. சின்ன வயதில் அவன் மடியில் உட்கார்ந்து அவள் விளையாடியதுதான். ஆளுக்கொரு நாடு. நகரம் கட்டலாம், படை திரட்டலாம், கப்பல் விடலாம். இவன் ஒரு தடவை காய் நகர்த்தினால் அங்கே அவளுக்கு மணி அடிக்கும். அவள் தன் வேளைக்கு நகர்த்துவாள். கூடவே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: "நீங்க ஜெயிச்சா லீவுக்கு அங்க வந்து தங்கறேன். நான் ஜெயிச்சா இனிமே எப்ப வர்றேன்னு கேக்கவே கூடாது. அத்தை மூலமாவும் கூடாது."

தம்பி அதை இரண்டு முறை படித்துவிட்டு ஏதோ தட்டினான். பிறகு, "சரின்னு போட்டுட்டேன்க்கா" என்றான்.

"அட மடையா! தோத்தா?"

"தோக்கக் கூடாது."

ஆனால் தோற்றுக்கொண்டுதான் இருந்தான். அவள் நாடு என்ன அழகு! நூலகம், நாடகக் கொட்டகை, ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம். விண்கலம் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அது மேலே பறந்தால் ஆட்டம் அவளுக்கு. இவனிடமோ நாலு ஊரும் கொஞ்சம் பொற்காசும்தான். காவலுக்கு ஒரு கிழட்டு வீரன்.

"எங்கேயாவது சண்டைக்காவது போயேன்டா, இப்படி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கியே."

"படை கட்ட நேரமில்லக்கா. அதுக்குள்ள அவ பறந்துடுவா."

திரையில் அங்கங்கே குட்டி குட்டியாக ஊர்கள் தெரிந்தன. அவை யாருடையவை என்று கேட்டேன்.

"யாருதும் இல்ல. தனி ஊருங்க. நாம நல்லது செஞ்சா நம்ம பக்கம் நிப்பாங்க. காசு குடுத்தா அவங்க படையைக் கொஞ்ச காலத்துக்கு நமக்கு விடுவாங்க. கெடு முடிஞ்சா அவங்கவங்க ஊருக்குத் திரும்பிடுவாங்க."

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதையா ஆயிடப் போகுது, பாத்துக்கோ."

சொல்லிவிட்டேனே தவிர, அவன் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். இருந்த காசையெல்லாம் அந்தக் குட்டி ஊர்களுக்கே அள்ளி விட்டான். ஒருத்தருக்கு அணை, ஒருத்தருக்குச் சந்தை. எல்லோரும் இவன் பக்கம் சாய்ந்ததும் ஒரே நாளில் எல்லாப் படையையும் வாங்கினான். மலையிலிருந்து வில்லாளிகள், கடற்கரையிலிருந்து கப்பல்கள், பாலைவனத்து ஒட்டகப்படை. அவள் எல்லையில் எறும்புப் புற்று கலைந்த மாதிரி போய் நின்றார்கள். அவளிடம் ஊர் ஊராக வாத்தியார்கள் இருந்தார்கள், சிப்பாய் இல்லை.

தினம் ஓர் ஊர் விழுந்தது. எனக்கும் பித்துப் பிடித்துவிட்டது. கவுண்டரில் ஆள் நிற்கும், நான் இங்கே, "ஒட்டகத்தை ஆத்துப் பக்கம் திருப்புடா, அறிவிருக்கா உனக்கு?" என்று கத்திக்கொண்டிருப்பேன். சட்டை வாங்க வந்தவர் ஒருவர், "வீட்டுல எதுவும் பிரச்சனையா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

தலைநகரம் மட்டும் விழவில்லை. கெடு முடிய ஒரே ஒரு முறை காய் நகர்த்துவதுதான் பாக்கி. அதில் விழாவிட்டால் இரவல் படை மொத்தமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடும். விழுந்தது. அதுதான் நான் வக்கீல் கோட்டைப் போட்டுவிட்டு ஓடிய மத்தியானம்.

திரையில் கொடி பறந்தது, முரசு முழங்கியது. நான் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் சிரிக்கவில்லை. மூலையில் அவள் எழுதும் சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். சோறு காய்ந்தது. கடைசியில் வந்தது:

"உங்க படைல ஒரு சிப்பாய்கூட உங்க ஆள் இல்லப்பா. எல்லாம் அடுத்தவங்க. ஆனா சொன்னா சொன்னதுதான். சனிக்கிழமை காலைல வந்து சேர்ற பஸ்ல வர்றேன். நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க. அத்தை வேண்டாம்."

"எய்தவன் இருக்க அம்பை ஏன்டி நோவறே?" என்று திரையைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தேன். சிரித்தேனே ஒழிய, உள்ளே சுருக்கென்றது. கை முறிந்தபோது என் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கின பிள்ளை அது.

அடுத்த நாலு நாளும் தம்பி மனுஷனாகவே இல்லை. அறைக்குச் சுண்ணாம்பு அடித்தான். ஒரு கட்டில் வாங்கி அவனே மாடிப்படியில் தூக்கி ஏற்றினான். தனக்கு ஒரு புதுச் சட்டை வாங்கி வந்து என்னிடம் இஸ்திரி போடக் கொடுத்தான், போட்டதை மறுபடி போடச் சொன்னான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையை மூடும்போது வந்து நின்றான்.

"அக்கா, பாத்ததும் என்ன பேசறது?"

"என்னடா கேள்வி இது? வாம்மான்னு சொல்லு. பையை வாங்கிக்கோ."

"அப்புறம்?"

"அப்புறம் அவ பேசுவா. நீ கேளு."

"எல்லாத்தையும் கேப்பாளேக்கா. ஏன் வரல, ஏன் வரலன்னு."

"கேக்கட்டுமே. தெரியலன்னு சொல்லு. பயந்துட்டேன்னு சொல்லு. எதையாவது உன் வாயால சொல்லு, அது போதும் அவளுக்கு."

தலையை ஆட்டினான். நானும் நம்பினேன்.

காலையில் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி இறங்கி வந்தான். இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பினான். போனை எடுத்துக்கொண்டு வெளியே நின்றான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. டூல்ஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"அக்கா, ஒரு லிஃப்ட் நின்னுடுச்சு. நீ கொஞ்சம் போய்க் கூட்டிட்டு வந்துடு."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை எறிந்திருப்பேன். "அவ என்ன சொன்னா, மறந்துடுச்சா? வேற ஆளே இல்லையா உங்க ஆபீஸ்ல?"

"உள்ள ஆள் மாட்டியிருக்குக்கா."

அதற்கு மேல் என்ன பேச முடியும்? உயிர் விஷயம். அவன் போய்விட்டான். பஸ் வரும் நேரம் ஆகிவிட்டது. வயசுப் பெண் தெரியாத பஸ் நிலையத்தில் தனியாக நிற்பாளே. கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்.

என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கூட்டம் கலைகிற வரைக்கும் பார்த்தாள்.

"வேலை வந்துடுச்சு கண்ணு. லிஃப்ட்டுக்குள்ள யாரோ மாட்டிக்கிட்டாங்களாம்."

"சரி" என்றாள். கண்டக்டரிடம் போய், இந்த பஸ் எப்போது திரும்பிப் போகும் என்று கேட்டாள்.

நான் கையைப் பிடித்தேன். காலில் விழாத குறை. தம்பிக்குப் போன் போட்டேன், அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். சுண்ணாம்பு அடித்ததைச் சொன்னேன், கட்டிலைச் சொன்னேன், சட்டையைச் சொன்னேன். எப்போதும் போல அவனுக்காக நல்லாப் பேசினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"உன் கோவம் நியாயம்தான்டி. என்னைத் திட்டிக்கோ, வந்துட்டுப் போயேன்."

"உங்க மேல கோவமே இல்லத்தை. ஆனா நீங்க வராம இருந்திருந்தா, நான் இங்கயே உக்காந்திருப்பேன். சாயங்காலம் ஆனாலும் உக்காந்திருப்பேன். வேற யாரும் வரலன்னா அவர் வந்துதானே ஆகணும்?" பையைக் கீழே வைத்தாள். "எப்பவும் நீங்க வந்துடறீங்க."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு, ஒரு சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த அதே பஸ்ஸில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பஸ் திரும்பும் வரை நின்றேன். அவள் கையசைத்தாள்.

நான் திரும்பி வந்தபோது பூட்டிய கடை வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். புதுச் சட்டையில் ஒரு துளி கிரீஸ் இல்லை. கறை பார்த்தே கிழடான கண் எனக்கு.

"உள்ள எத்தனை பேர்டா மாட்டியிருந்தாங்க?"

தரையைப் பார்த்தான். "யாரும் இல்லக்கா."

அடிக்கக் கை ஓங்கினேன். நாற்பது வயது தாண்டின மனிதன், தலையைக் குனிந்து அடிக்குக் காத்துக்கொண்டு நின்றான். கை தானாக இறங்கிவிட்டது. கடையைத் திறந்தேன். பின்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அவ... ஏதாவது சொன்னாளாக்கா?"

சொன்னாள். அட்சரம் பிசகாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் சொன்னதை இங்கேயும் இவன் சொன்னதை அங்கேயும் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் தேய்ந்த கால்கள் இவை. சொன்னால் ஒரு நிமிஷம் ஆகாது. அவனுக்கும் அழுது ஆறிப்போகும்.

"அடுத்த பஸ் இருக்கு" என்றேன். "போய் அவளையே கேளு."

"நீ சொல்லேன்க்கா."

"மாட்டேன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினேன். ஒரு சட்டை முடித்தேன், இன்னொன்று முடித்தேன். ஸ்டூல் நகரும் சத்தம் கேட்கும், கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டே தேய்த்தேன். கடை மூடும் நேரம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான்.